எலியஸ் தோர்னின் நாற்காலி

14 செப்டம்பர் 2025
மழை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஸ்வர்ணா பிளானோவில் பெண் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு இங்கே ஜெர்சி சிட்டியில் லாட்ஜ்தான் துணை. ஊரில் சொன்னால் ரூம் போட்டிருக்கிறேன் என்று நினைப்பார்கள். இது ஃப்ரீமேசன்கள் என்ற பழைய சகோதர அமைப்பின் கிளைச் சங்கம். அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூற்றைம்பதாம் ஆண்டுக்காக லாட்ஜ் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போடுகிறார்கள். பழைய பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. முப்பது வருடம் வங்கி டேட்டாபேஸோடு மல்லுக்கட்டியவனுக்கு இதெல்லாம் தூசு.

20 செப்டம்பர்
சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட ஐம்பத்தாறு பேரில் முக்கால்வாசிப் பேர் மேசன்கள் என்று எங்கள் ஆட்கள் சத்தியம் செய்வார்கள். உறுதியான பதிவு இருப்பது ஒன்பது பேருக்குத்தான்.
எங்கள் லாட்ஜின் சொந்தக் கதை எலியஸ் தோர்ன். அந்தக் காலத்து அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினர், 1779இல் இங்கே சேர்ந்தாராம். அவர் உட்கார்ந்த நாற்காலி கண்ணாடிக்குள் இருக்கிறது. ஆதாரம் எங்கே? 1976 புத்தகம் 1932 புத்தகத்தைக் காட்டுகிறது, அது 1893 மலரைக் காட்டுகிறது. 1893 மலர் எதையும் காட்டவில்லை. யாரோ ஒரு சோம்பேறி செக்ரட்டரி எழுதி வைத்திருக்கிறான்.

11 அக்டோபர்
1779 மினிட்ஸ் புத்தகம், லாட்ஜின் கூட்டக் குறிப்பேடு, கைக்கு வந்தது. பெயர் இருக்கிறது! பக்கத்திலேயே தொழிலும் இருக்கிறது — சத்திரக்காரர். அதே நாளில் காங்கிரஸ் உறுப்பினர் தோர்ன் பிலடெல்பியாவில் ஓட்டுப் போட்டிருக்கிறார். ஆக, இரண்டு தோர்ன்.
இன்னொரு அனந்தராமன் எங்கேயோ செய்த காரியத்துக்காக என் கிரீன் கார்டு நாலு வருடம் நின்றது. இந்தக் குழப்பம் எனக்கா தெரியாது?

12 அக்டோபர்
வால்டரிடம் எப்படிச் சொல்வது?
எண்பத்தாறு வயது. என்னை லாட்ஜில் சேர்த்தவர். மே மாதம் கண்புரை ஆபரேஷன் ஆனபோது நான் ஸ்வர்ணாவிடம்கூடச் சொல்லவில்லை. வால்டர்தான் காரில் கூட்டிப் போனார். ஒரு வாரம் சூப் டப்பா கொண்டுவந்து, கோழி சேர்ந்திருக்கிறதா என்று லேபிளைப் படித்துச் சொன்னார். நாற்பது வருடமாகப் பள்ளிக் குழந்தைகளை அந்த நாற்காலி முன்னால் நிறுத்திக் கதை சொல்கிறவர்.

2 நவம்பர்
வால்டருக்குக் கணையத்தில் கேன்சர். கடைசி நாட்களுக்கான ஹாஸ்பிஸில் சேர்த்துவிட்டார்கள். "தோர்ன் பக்கம் ரெடியா, ஆண்டி? அதைப் பாத்துட்டுப் போயிடறேன்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அனந்தராமன் அங்கே யார் வாயிலும் நுழையாது; நான் ஆண்டி.
ஸ்வர்ணாவிடம் போனில் புலம்பினேன். "அந்த மனுஷன் மெம்பரா இல்லேன்னா யாருக்கு என்ன நஷ்டம்? வால்டர் நிம்மதியா போகட்டும். ஆனா உங்க பேரை மட்டும் அதுல போட்டுக்காதீங்கோ" என்றாள்.

9 நவம்பர்
எழுதிவிட்டேன். 'தோர்ன் 1779இல் சேர்ந்ததை மினிட்ஸ் புத்தகம் உறுதி செய்கிறது.'
பொய்யா? பேர் இருக்கே! — பொய்தான்.
வால்டருக்குப் படித்துக் காட்டினேன். "நீ செக் பண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை. வெட்கமாக இருந்தது.

16 நவம்பர்
வால்டர் போய்விட்டார்.

6 டிசம்பர்
போன மாதக் கடைசியில், அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று லாட்ஜ் தலைவரிடம் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். "அது வால்டரோட பேஜ், பிரதர். விட்டுடு" என்றார். இன்று புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. உள்ளே முதல் பக்கத்தில்: பதிவுகளைச் சரிபார்த்தவர், அனந்தராமன்.
ஸ்வர்ணாவுக்கு அனுப்பவில்லை.

7 பிப்ரவரி 2026
டெக்சாஸிலிருந்து ஒரு கல்லூரி மாணவியின் மெயில். தோர்னைப் பற்றி ஆய்வு செய்கிறாளாம். 'மூலப் பதிவை நேரில் பார்த்து எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். உங்களை ஆதாரமாகக் காட்டலாமா?'
'சத்திரக்காரர்' என்று இருக்கும் மினிட்ஸ் பக்கத்தின் போட்டோ என் போனில்தான் இருக்கிறது. மெயிலில் சேர்த்தேன். எடுத்தேன். மறுபடி சேர்த்தேன். எடுத்துவிட்டு, 'தாராளமாக' என்று மட்டும் அனுப்பினேன்.
பிறகு இந்த நோட்டில் செப்டம்பர் பக்கத்துக்குப் போய், அந்த 1893 செக்ரட்டரிக்கு முன்னால் எழுதியிருந்த 'சோம்பேறி' என்ற சொல்லை அடித்தேன்.