மீன்குஞ்சுகளின் வழுவழுப்பு

என் அன்புள்ள குமார் அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நல்லா இருக்கிறோம். அண்ணி நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். குட்டையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உத்திரமேரூரில் இருந்து வருகிறவர்கள் இன்னும் 'குமார் குட்டை மீன்' என்றுதான் கேட்கிறார்கள்.

போன வருஷம் ஆடியில் செத்து மிதந்த மீன்குஞ்சுகளைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. அப்போது எனக்கே தெரியாது.

குஞ்சுகள் வந்து இறங்கிய அன்றைக்கு, "உப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் வச்சி எடுத்து வுடு" என்று சொல்லிவிட்டு நீ மோட்டார் ரிப்பேருக்குப் போய்விட்டாய். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஒரு விரால் வாங்கினால் கல்லுப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வழுவழுப்புப் போகிற வரைக்கும் விடமாட்டேன். நம்மூரில் எந்த வீட்டில்தான் விடுகிறார்கள்? அதே கையோடு உயிருள்ள குஞ்சுகளையும் சுத்தம் செய்யக் கிளம்பினேன். உப்பை இன்னும் அள்ளிப் போட்டேன். தண்ணீர் கொழகொழவென்று ஆனதும் அழுக்கு கழன்று வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். அதைக் கொட்டிவிட்டு, புதுசாக உப்பு கரைத்து மறுபடியும் முக்கி எடுத்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

நாலைந்து நாளில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்புறம் மொத்தமாக மிதந்தன. அந்த வாரம்தான் பக்கத்து நெல் வயலில் ஏழுமலை அண்ணன் கூலிக்கு மருந்து அடித்திருந்தார். நீ நேரே டீக்கடைக்குப் போய், அத்தனை பேர் முன்னால், "மருந்து டேங்க்க கழுவி என் குட்டையில ஊத்திக்கீறான்" என்று கத்தினாய். "நான் வூட்டாண்டதான் கழுவனேன், குமாரு" என்று அவர் சொன்னதை நீ காதில் வாங்கவே இல்லை. சின்ன வயதில் இருந்து உன்னோடு வலை இழுத்த மனுஷன். அதற்கப்புறம் ஏரி மீன்பிடிக்குக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. காலனி ஆள்மேல் பழி விழுந்தால் இங்கே எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது!

தையில் உனக்கு நெஞ்சு வலி வந்தது, போய்விட்டாய். உன்னைத் தூக்குகிற வரைக்கும் அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார். நானும் அவரை உள்ளே கூப்பிடவில்லை, அண்ணா.

போன மாதம் மீன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போனேன். பாடம் எடுத்த மேடம் ஒரு கட்லா மீனின் செவுளை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். சீப்புப் பல் மாதிரி வரிசை வரிசையாக, அவ்வளவு மெல்லிசு. மீன் மூச்சு விட விட, தண்ணீரில் இருக்கிற கிருமியெல்லாம் அதன் வழியாகத்தான் போகுமாம். அதனால் செவுள்மேல் சளி பூசியிருக்கிறது. கிருமியை ஒட்டவிடாமல் பிடித்துத் தண்ணீரோடு தள்ளுகிறது, கிருமியைக் கொல்கிற சத்தும் அதிலேயே இருக்கிறது. அதையும் தாண்டி வருகிற கிருமியைப் பிடித்துத் தின்ன, அடியில் எதிர்ப்பு அணுக்கள் காத்திருக்கின்றன. உடம்புமேல் இருக்கிற வழுவழுப்பும் இதே காவல்தான். மீனுக்குச் சளியா என்று நீ சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உப்பில் முக்கி எடுத்த குஞ்சுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் தனியாகப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"குட்டையில பழைய மீன் இருந்துச்சா? அதுவும் செத்துச்சா?" என்று கேட்டார்கள்.

"இருந்துது மேடம். ஒண்ணுகூட சாவல."

"மருந்து கலந்திருந்தா அதுங்களையும் சும்மா விட்டிருக்காதும்மா. கண்ணால பார்க்காம அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அவ்வளவு உப்புல ரெண்டு தடவை போட்டா செவுள் வெந்துபோகும். சளி போன செவுள்ல கிருமி சுலபமா ஏறிடும்."

பெரிய மீன் ஏன் சாகவில்லை என்று அன்றைக்கு நாம் ஒருத்தரும் கேட்கவில்லையே, அண்ணா. ஏன் கேட்கவில்லை?

மறுநாள் காலையில் ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். உப்பு, சளி, செவுள் எல்லாவற்றையும் சொல்லி, மன்னிச்சிடுங்கண்ணே என்று அழுதுவிட்டேன். அவர் பம்பைக் கீழே வைத்தார்.

"என்னாண்ட வந்து இன்னாத்துக்குமா சொல்ற? நான் ஊத்தலன்னு எனக்குத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது. நான்தான் பண்ணேன்னு நெனச்சிக்கினே பூட்டான். போ, அவனாண்ட சொல்லு."

அதனால்தான் எழுதுகிறேன். ஏழுமலை அண்ணன் ஒரு சொட்டு மருந்தும் ஊற்றவில்லை. குஞ்சுகளின் காவலைக் கழுவிக் கொட்டியது நான்.

வருகிற தையில் உனக்கு முதலாண்டு. நினைவு நோட்டீசில் கவிதை போடலாம் என்று அச்சுக்கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். இந்தக் கடிதத்தைத்தான் அச்சடிக்கப் போகிறேன். நீ கத்திய அதே இடத்தில் நின்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி நானே படிப்பேன். இது சத்தியம். அவர்மேல் வைத்துக்கொண்டு போன கோபத்தை இனி என்மேல் வைத்துக்கொள், அண்ணா. அவரை விட்டுவிடு.

உன்னிடம் திட்டு வாங்க வேண்டிய தங்கச்சி,
அமுதா