பாதி கார், பாதி தோணி

என் உயிரான மச்சானுக்கு,

உங்கள் கதீஜா ஸலாம் சொல்லி எழுதுகிறேன். நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்துவிட்டது. நீங்கள் போன நாளிலிருந்து வாசற்படி தாண்டாமல் இருந்தவள், போன வாரம்தான் வெளியே வந்தேன். வந்ததும் முதன்முதலாக எங்கே போனேன் தெரியுமா? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மையவாடிக்கு வந்து உங்கள் கபுறுப் பக்கத்தில் நின்று சொல்லலாமென்றால், நம்மில் பெண்பிள்ளைகள் அங்கே வருகிற வழக்கமில்லை. எழுதினால் நாலு பேர் கண்ணில் படுமே என்று நம் மகன் சாகுல் யோசித்தான். பட்டால் படட்டும் என்றேன். நம் வண்டியைப் பார்த்து ராமநாதபுரமே சிரித்தாயிற்று, இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். வேறெங்கே, அதே கார் சீட்டில்தான். இடது ஓரம், என் பக்கத்தில்.

சுதந்திரம் வந்த வருஷம் நம் நிக்காஹ் நடந்தது. அப்போது நீங்கள் பட்டாளத்துக்காரர்கள் சண்டை முடிந்து ஏலத்தில் விட்டுப்போன ஒரு லாரியை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். பச்சைப் பெயிண்ட், மூக்கு நீண்ட வண்டி, ஒரு பக்கம் கதவு கிடையாது. மாப்பிள்ளை என்ன வேலை என்று பாம்பனில் என் வாப்பாவிடம் யாரோ கேட்டதற்கு, "கதவில்லாத லாரி ஓட்டுறாரு. விழுந்து கிழுந்து போகாம இருக்கணும்" என்றாராம். அந்த லாரியிலிருந்து நீங்கள் விழவில்லை. அதன் மேல் விழுந்துதான் கிடந்தீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த சட்டையோடு அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்வீர்கள். அந்தச் சட்டைகளை வெளுத்தவள் நான்.

அதற்கும் முன்னால், பெட்ரோல் கிடைக்காத காலத்தில், கரியைப் போட்டு எரித்து ஓட்டிய பஸ்ஸில் வேலை பார்த்த கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! மேட்டில் பஸ் ஏறாமல் நின்றுவிடும், ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள், மேலே வந்து சேரும்போது அத்தனை பேர் முகமும் கரியாக இருக்கும். சொல்லும்போது உங்களுக்கு ஒரு சிரிப்பு வரும், கண் இடுங்கிக்கொள்ளும். சோற்றுத் தட்டில் கை வைத்திருக்கும்போது தெருவில் வண்டி போனால் கை நின்றுவிடும். "பெரிய கடைத்தெரு வண்டி. சைலன்சர் போயிருச்சு" என்பீர்கள். ஊரில் ஓடுகிற அத்தனை வண்டியையும் காதாலேயே தெரியும். நான் கூப்பிடுவது மட்டும் காதில் விழாது.

அப்புறம் அந்தக் கார் வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில், மாட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்த கார். பேரை நீங்கள் எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தும் என் வாயில் நுழையவில்லை. இரண்டு காளையைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்தீர்கள். லாரி ஓட்டுகிற ஆள் மாடு பத்திக்கொண்டு வருகிறாரே என்று தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பின் சீட்டில் கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்து, "ஆம்லெட்டுப் போடு புள்ள, கார் முட்டை" என்றீர்கள்.

எப்பேர்ப்பட்ட கார் அது! ஏறுவதற்கு இரண்டு பக்கமும் நீளப் படி, சக்கரத்தில் கம்பி கம்பியாக ஆரம், அமுக்கினால் வாத்து மாதிரி கத்துகிற ரப்பர் ஹாரன். முன்னால் ஹேண்டிலைப் போட்டு, பிஸ்மி சொல்லி ஒரு சுற்று சுற்றுவீர்கள். அது உதறி உங்கள் கையைத் தட்டிவிடும். மறுபடி பிஸ்மி, மறுபடி சுற்று. அது உயிர் வந்து இரைந்த அன்றைக்கு நீங்கள் அழுதீர்கள். புகை கண்ணில் பட்டது என்று சொன்னீர்கள், நானும் நம்பின மாதிரி இருந்துவிட்டேன்.

பின் சீட்டுதான் எனக்குப் பிடித்தது. கருஞ்சிவப்புத் தோல், இரண்டு பேர் தாராளமாகச் சாய்ந்துகொள்ளலாம். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து அதைப் பளபளவென்று ஆக்கினீர்கள். அன்றைக்குத்தான் அந்த வாக்கைக் கொடுத்தீர்கள். "இந்தச் சீட்டுல ஒன்ன ஒக்கார வச்சு மண்டபம் வரைக்கும் கூட்டிப் போறேன். ரோடு முடியிற எடம் வரைக்கும். அங்கன நின்னு பாத்தா ஒங்க ஊரு தெரியும்." பாம்பன்காரியான எனக்கு ரயில்தான் தெரியும். ரயிலில் போகும்போது பக்கத்திலேயே ஓடிவருகிற அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்த ரோட்டில் ராணி மாதிரி போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. நகை கேட்டதில்லை, வேறு எதுவும் கேட்டதில்லை. இது ஒன்றுதான் கேட்டேன். வெள்ளைத் துப்பட்டியைக் கஞ்சி போட்டு மடித்து எடுத்து வைத்தேன்.

துப்பட்டி மடித்தபடியே இருந்தது. லாரி முதலாளி தொழிலை விட்டுவிட்டார், உங்களுக்கு வேலை போயிற்று. மண்டபத்திலிருந்து சந்தைக்குக் கருவாடு ஏற்ற வண்டி இருந்தால் தினமும் சவாரி தருகிறேன் என்று ஒரு வியாபாரி சொன்னார். நான் கொல்லையில் துணி உலர்த்திவிட்டு வாசலுக்கு வந்து பார்க்கிறேன், காரைப் பாதியாக அறுத்துப் போட்டிருக்கிறீர்கள். முன்பாதி நிற்கிறது. பின்பாதி இருந்த இடத்தில் வெறும் இரும்புச் சட்டமும் சக்கரமும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தால்தான் உங்களுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் சீட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, அடியில் பலகை கொடுத்து, சுவரோரமாகப் போட்டீர்கள். "பின் சீட்டுல ஒக்கார வைக்கிறேன்னு சொன்னேன்ல? ஒக்காரு புள்ள" என்றீர்கள்.

"சீட்டு இருக்கு. சரி. ரோடு எங்க மச்சான்?"

"ரோடு எங்கயும் ஓடிப் போயிராது. பையக் கூட்டிப் போறேன்."

கோபத்தை வைத்துக்கொள்ள முடியாமல் சிரித்துவிட்டேன். அது இப்போதும் எனக்கு வருத்தம்தான். இன்னும் இரண்டு நாளாவது இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

அறுத்த வண்டிக்குப் பின்னால் மரத்தில் தொட்டி கட்ட ஆள் தேடினீர்கள். லாரிக்குப் பாடி கட்டுகிறவன் மதுரையில் இருந்தான். நம் பக்கத்தில் மரவேலை என்றால் தோணி ஆசாரிதான். மண்டபத்துச் சந்தியாகு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவர் வாழ்நாளில் தோணியைத் தவிர எதுவும் கட்டினவரில்லை. விலா விலாவாக மரம் வளைத்து, பலகை சேர்த்து, இடுக்கிலெல்லாம் பஞ்சு அடைத்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, மேலே மீனெண்ணெய் பூசிக் கொடுத்தார். முன்னால் பார்த்தால் ஜமீன்தார் வருகிற மாதிரி இருக்கும், பின்னால் பார்த்தால் வலைக்குப் போகிற மாதிரி இருக்கும். தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உங்களுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை.

அந்த ஐப்பசி மழையில் அல்லவா குட்டு வெளிப்பட்டது! உச்சிப்புளியில் பிடித்த மழை சந்தை வரைக்கும் விடவில்லை. தண்ணீர் உள்ளே வராமல் கட்டத் தெரிந்த கை, உள்ளே விழுந்த தண்ணீர் வெளியே போக வழி வைக்கவில்லை. வியாபாரி வந்து தார்ப்பாயைத் தூக்கினால் உள்ளே ஒரு குளம், குளத்தில் கருவாடு மிதக்கிறது. "என்ன பாய், கருவாடு ஏத்திவிட்டா மீனாக் கொண்டாந்திருக்கீக?" என்று அவர் கேட்டதை நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். மறுநாளே சந்தியாகு அண்ணனை வரவழைத்து, அடியில் நாலு ஓட்டை போடச் சொன்னீர்கள். அந்த மனிதர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஓட்டையா? நானா? என்ன பாய் பேசுறீக?"

"இது தோணி இல்லய்யா, வண்டி!"

"எங் கை கட்டுனது தோணிதான். அடிப்பலகையில ஓட்டை போட்ட கைன்னு பேரு வந்தா நாளைக்கு எவன் என்னை நம்பிக் கடல்ல எறங்குவான்?"

அவர் போடவில்லை. அவர் கட்டியதில் வேறு ஆளை விட்டு ஓட்டை போட உங்களுக்கும் மனசில்லை. தோணியில் தண்ணீர் இறைக்கிற தகரக் குவளை ஒன்றைக் கொண்டுவந்து வண்டியில் தொங்கவிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து மழை பெய்தால் ரோட்டோரம் நிறுத்தி நீங்கள் தண்ணீர் இறைப்பதை ஊர் வேடிக்கை பார்த்தது.

சீட்டு வண்டியில் ஏறாமல் போனதும் அதனால்தானே? போல்ட் போட ஓட்டை வேண்டும். கயிற்றால் கட்டிவிடலாமே என்று நானே ஒரு பெருநாளைக்குச் சொன்னேன். "எம் பொண்டாட்டியக் கருவாட்டு மூட்டை மாதிரிக் கயித்துல கட்டிக் கூட்டிப் போறதா? போகும்போது முறையாப் போகணும்" என்றீர்கள். முன்னால் உட்காரக் கூப்பிட்டீர்கள். பின் சீட்டு என்றால் பின் சீட்டுதான் என்று நானும் நின்றுவிட்டேன். உங்களுக்கு முறை, எனக்கு வீம்பு. அடுத்த பெருநாள், அடுத்த பெருநாள் என்று பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு இந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன். சவாரி முடிந்து வந்து வலது ஓரத்தில் தொப்பென்று விழுவீர்கள். "ஸ்டேரிங் பக்கம் எனக்கு" என்பீர்கள். விழுந்து விழுந்து அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கி, நீங்கள் இல்லாத நேரத்திலும் நீங்கள் உட்கார்ந்திருந்த மாதிரியே குழிந்து கிடக்கும். கடைசியில் மூச்சு வாங்குகிற நோய் வந்து படுக்க முடியாமல் போனபோது அந்தக் குழியில்தான் சாய்ந்திருந்தீர்கள். வெளியே சாகுல் வண்டி எடுக்கிற சத்தம் கேட்டால், "ரெண்டாவது கியர்ல ரொம்ப இழுக்குறான், சொல்லு அவன்ட்ட" என்பீர்கள். ஒரு நாள் மட்டும் வண்டிச் சத்தம் கேட்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன ரோட்டுக்குக் கூட்டிப் போகவே இல்லயே புள்ள" என்றீர்கள். ரோடு எங்கயும் ஓடிப் போயிராது மச்சான் என்று உங்கள் வார்த்தையை உங்களுக்கே சொன்னேன். கேட்டதா உங்களுக்கு?

இத்தா முடிந்த மறுநாள் காலையில் சாகுல் வந்து, "உம்மா, எந்திரிங்க, சீட்ட எடுக்கணும்" என்றான். வாசலில் சந்தியாகு அண்ணன் நிற்கிறார். தலை நரைத்துவிட்டது, முதுகு வளைந்துவிட்டது. தோளில் புதுக் கயிற்றுச் சுருள். ஓட்டை போடப் போகிறீர்களா அண்ணே என்று கேட்டேன். "பாய் கேட்டப்பவே போடல தங்கச்சி. இப்பப் போட்டா அவரு சண்டைக்கு வருவாரு" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பிரித்தார். தோணியில் பாய்மரம் கட்டுகிற கட்டுப் போட்டுச் சீட்டை இறுக்கினார். இம்மி அசையவில்லை. அவரும் சாகுலும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். நான் அந்தப் பழைய துப்பட்டியை உடுத்திக்கொண்டு ஏறி, இடது ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ரோடு நன்றாகத்தான் இருக்கிறது மச்சான். பனையும் உடைமரமுமாக இரண்டு பக்கமும் ஓடுகிறது. ரயிலில் பார்த்ததற்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் நான் வழுக்கிக்கொண்டு போய் உங்கள் குழியில் விழுந்தேன். ஏறி என் இடத்தில் வந்து உட்காருவேன், மறுபடி விழுவேன். உச்சிப்புளி தாண்டியதும் ஏறுவதை விட்டுவிட்டேன். அங்கேயே இருந்துவிட்டேன்.

அப்போதுதான் மழை பிடித்தது. கணுக்கால் வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டது. சந்தியாகு அண்ணன் முன்னாலிருந்து தலையை நீட்டி, "தங்கச்சி, குவளைய எடுத்து எறைங்க!" என்று கத்துகிறார். ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் இறைத்தேன். ரோட்டில் போகிறவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அழவும் செய்தேன். மழையில் எது எது என்று யாருக்குத் தெரியும்? கயிறு போதும் மச்சான். அப்போதே போதும்தான்.

மண்டபத்தில் வண்டி நின்றது. "உம்மா, ரோடு முடிஞ்சிருச்சு" என்றான் சாகுல். அதற்கு மேல் மணல், மணலுக்கு மேல் கடல். அந்தப் பக்கம் மழைக்குள்ளே பாம்பன் தெரிந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே தெரிந்தது.

கடல்மேல் பாம்பனுக்கு என்றாவது ரோடு போடுவார்கள் என்று சாகுல் சொல்கிறான். சந்தியாகு அண்ணன் சிரிக்கிறார். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. போடுகிற அன்றைக்கு இந்தச் சீட்டை இதே வண்டியில் கட்டச் சொல்லி, அந்த ரோட்டில் முதல் ஆளாக என் வாப்பா வீட்டுக்குப் போவேன், இது சத்தியம். அது வரைக்கும் வண்டிக்கு ஓட்டை போட விடமாட்டேன். ஸ்பிரிங்கை மாற்றித் தருகிறேன் என்று நேற்று சாகுல் ஸ்பேனரோடு வந்தான். உன் வாப்பா உட்கார்ந்திருக்கிற இடத்தைத் தொடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உங்களுக்கு என் துஆவோடு,
உங்கள் மாமா மகள், சாகுலின் உம்மா,
பின் சீட்டுக்காரி கதீஜா