மாமாவின் மூன்று றவுண்ட்

மே 29, வியாழன்

இன்று எனக்கு ஆஸ்பத்திரியில் லீவு. கறி கொதிக்கிற நேரம் பார்த்து, விழாவை நடத்துகிற அல்போன்சம்மா போன் எடுத்தா. எங்கள் தேவாலயப் பங்கின் விளையாட்டு விழாவில் இந்த முறை மாமாவுக்குப் பொன்னாடையாம். "ஐம்பத்துநாலில வன்கூவர் போட்டிக்கு இலங்கைக்காகக் குத்துச்சண்டை பிடிக்க வந்த மனிசன் எங்கட பங்கில இருக்கேக்க, வேற ஆளைத் தேடுவானேன்?" அறிமுக உரையை நான்தான் எழுதி வாசிக்க வேண்டுமாம். மருமகள் என்றால் சும்மாவா. ஓம் என்றுவிட்டேன்.

மாமாவிடம் சொன்னேன். "உதெல்லாம் எதுக்குப் பிள்ளை" என்றார். பாயசம் என்றால் இரண்டாந்தரமும் கேட்டு வாங்குகிற மனுஷன், பொன்னாடை வேண்டாம் என்கிறார். அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது.

மே 31, சனி

கொப்பியும் பேனையுமாக மாமாவுக்கு முன்னால் இருந்தேன். எதிராளி எந்த நாடு? ஸ்கொட்லாந்தாம். போன நத்தார்ப் பண்டிகைக்கு அவுஸ்திரேலியாக்காரன் என்று சொன்னவர். முகத்தில் எங்கே பட்டது? கன்னத்தைக் காட்டினார், முதலில் வலது, பிறகு இடது. மூன்று றவுண்டும் நின்று புள்ளியில் தோற்றது மட்டும் மாறவில்லை.

மூக்குடைந்த ஆட்களை ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைக் கழுவித் துடைத்திருக்கிறேன். மாமாவின் மூக்கு தொண்ணூற்றிரண்டு வயதிலும் நேராக நிற்கிறது.

என் கணவர் அன்டனிடம் சொல்ல முடியாது. இங்கே கனடாவுக்கு வந்த புதிதில் மூன்று வேலை செய்தவர். விடிய எழும்ப முடியாமல் கிடக்கும்போது, "அப்பா மூண்டு றவுண்டும் நிண்டவர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் சப்பாத்துப் போடுவார். தகப்பன் என்றால் அவருக்கு அந்த ஒரு வசனம்தான்.

யூன் 3

சந்தேகம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. இப்பவும் இறங்கேல்லை.

யூன் 7, சனி

மகள் ஷெரோன் இன்டர்நெட்டில் அந்தப் போட்டியின் முடிவுகளைத் தேடி எடுத்துத் தந்தாள். மாமாவின் பெயர் இருக்கிறது. செபஸ்தியாம்பிள்ளை, சிலோன். பக்கத்தில், எதிராளிக்கு வெற்றி, வோக்ஓவர்.

"அப்பிடியெண்டா அப்பப்பா சண்டைக்கு வரேல்ல, அம்மா."

வரேல்லையாம்! பயந்து ஓடியிருக்கிறார். எழுபது வருசமா எல்லாரையும் பொய் சொல்லிப் பேய்க்காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார் — மகனையும்தானே. நான் என்னத்தை வாசிக்கிறது இனி? வாசிக்காமல் விட்டால் அன்டன் ஏன் என்று கேட்பார். வாசித்தால் நானும் சேர்ந்து பேய்க்காட்டினதாகும்.

யூன் 8, ஞாயிறு

பூசையில் மாமா அந்தப் பொய்யோடேயே போய் நன்மை அப்பம் எடுத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

யூன் 11, புதன்

அன்டன் புவாண்ட்-கிளேருக்கு வேலைக்குப் போன பிறகு கேட்டேவிட்டேன். "மாமா, ஏன் ஓடினீங்கள்?"

"ஓடேல்லைப் பிள்ளை. நிறைதான் கூடிப்போச்சு."

அவருடைய குத்துச்சண்டைப் பிரிவுக்கு ஓர் உடல் நிறை எல்லை உண்டாம். சண்டை நாள் காலமை தராசில் ஏற்றிப் பார்ப்பார்களாம். அதற்காக இரண்டு கிழமை வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தவர். ஆனால் அவருடைய அம்மா பயணப் பொதியில் ஒரு ரின் பயத்தம் பணியாரம் வைத்துக் கட்டியிருக்கிறா. பொதி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பயணம் போகிற ஆட்களா நாங்கள்? முதல்நாள் பின்னேரம் மணந்து பார்க்கத்தான் ரின்னைத் திறந்தாராம். ஏழு தின்றார். காலமை தராசில் அரை இறாத்தல் கூட. போர்வையைச் சுற்றிக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓடியும் இறங்கவில்லை. போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"ஊருக்குத் திரும்பிப் போக அம்மா முதல் கேட்டது, பணியாரம் சாப்பிட்டியோ எண்டு. என்னெண்டு சொல்லுறது? அவ தன்னாலதான் எண்டு செத்திருப்பா. சாப்பிட்டனான், மூண்டு றவுண்டும் நிண்டனான் எண்டன்."

"அவ செத்து நாப்பது வருசம் மாமா. அதுக்குப் பிறகும் ஏன் சொல்லேல்லை?"

"அதுக்குள்ள அன்டன் அதைக் கேட்டு வளந்திட்டான்."

கள்ளனைப் பிடிக்கப் போய், கள்ளனுடைய சாக்கை நான் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி ஆயிற்று. பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

யூன் 19

"ஜொய்சி, உங்கட மாமா சண்டை பிடிச்சது மெய்தானே? ஆரோ போட்டி முடிவு லிஸ்ற் பாத்தவையாம்" — அல்போன்சம்மா.

யார் பார்த்தது? ஷெரோன் வாய் விட்டாளா? இல்லை என்று சத்தியம் பண்ணுகிறாள். "பேர் இருக்குது, போய்ப் பாருங்கோ" என்று அல்போன்சம்மாவிடம் சொல்லி போனை வைத்தேன்.

யூன் 22, ஞாயிறு

"வன்கூவருக்கு இலங்கைக் குழுவோடு வந்தவர்" — அவ்வளவுதான் எழுதிக்கொண்டு போனேன். மேடையில் நின்று பார்க்கிறேன், முன் வரிசையில் அன்டன். வாய் அசைகிறது. அந்த வசனம்தான். தாளை விட்டுவிட்டேன். "மூன்று றவுண்டும் நின்று, புள்ளியில் மட்டும் தோற்றவர்." ஃபாதருக்கு முன்னால், மைக்கில் சொன்னேன். அன்டன் எழும்பி நின்று கை தட்டினார்.

பொன்னாடையோடு மாமா மைக்கைக் கேட்டு வாங்கினார். "என்ர மருமகள் எனக்காகப் பொய் சொல்லிப்போட்டா. நான் றிங்கில ஏறவே இல்லை." பணியாரக் கதை முழுவதையும் சொன்னார். ஏழு என்ற கணக்குக்கூடத் தப்பவில்லை. மண்டபமே சிரித்துக் கண்ணைத் துடைத்தது, அல்போன்சம்மாதான் முதல் ஆள்.

அன்டன் சிரிக்கவில்லை. கார் எடுக்கிறேன் என்று வெளியே போய்விட்டார்.

யூன் 23

"உனக்கும் தெரியும், என்ன?" அன்டன் அதை மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

யூன் 26, வியாழன்

அன்டன் வேலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல் மாமாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் குசினியில் கையைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

"ஏனப்பா இப்ப போய்ச் சொன்னீங்கள்?"

"என்ர பொய்யை அவள் தூக்கிக்கொண்டு நிண்டாள். பாக்கேலாமப் போச்சு."

அன்டன் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார்.

"அரை இறாத்தல்தானே. ஒருக்கா ஒண்டுக்குப் போயிருந்தாலும் இறங்கியிருக்குமே அப்பா."

"நாலுதரம் போனனான்ரா."

முதலில் மாமாதான் சிரித்தார். பிறகு அன்டன். அன்டனுக்குச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டவில்லை.

யூன் 28, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மேடையில் பொய் சொன்னதைச் சொன்னேன். தெரியும் என்றார் ஃபாதர். அதற்காக வருந்தி மனஸ்தாபப்படுகிறேனா என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை ஃபாதர் என்றேன்.