எனக்குக் கருமாதி செய்த சித்தப்பா

ரோதமுனி துணை

ஊசிமலைத் தோட்டம்,
அக்கரப்பத்தனை.

அன்பு மகன் திலக்ஷனுக்கு அம்மா எழுதுவது, இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி தனுஷிகாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்கு இந்த மழையைத்தான் கேட்க வேண்டும். கட்டார் வெயிலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க தேயிலை ஸ்டோர் வாசல் ரோதமுனிக்குத் தேங்காய் உடைத்துச் சொல்லியிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று தடவை தாத்தா பாவம்மா, தாத்தா பாவம்மா என்கிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

தங்கச்சிக்கு முன்பள்ளியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நீ அனுப்பிய போர்வையை அப்பா யாருக்கும் கொடுப்பதில்லை. அதெல்லாம் இருக்கட்டும். என் சித்தப்பா பொன்னையா உனக்குப் போன் எடுத்து அழுதாராமே. எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல சாமி, பேரன் மொறைக்கு நீதான் வந்து கொள்ளிக்குடம் எடுத்து மொத புடி மண்ணு போடணும் என்று கேட்டாராம், நீயும் சரி தாத்தா என்று சொல்லி லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயாம். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா உனக்கு? அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது மகனே. அம்மா சின்ன வயதில் கொழும்பில் வேலை செய்தாள் என்று மட்டும் சொல்லித்தான் உங்களை வளர்த்தேன். மீதியை வெட்கத்தால் சொல்லவில்லை. வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை என்று இப்போதுதான் புத்தி வந்தது.

எனக்கு ஒன்பது வயதில், தீபாவளி முடிந்த மறுவாரம், அந்த ஆள்தான் என்னைக் கொழும்புக்கு ரயில் கோச்சியில் கூட்டிப்போய் ஒரு பெரிய வீட்டில் விட்டார். பள்ளிக்கூடம் அனுப்புவார்கள் என்று என் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அங்கே பாத்திரம்தான் கழுவினேன். என் சம்பளத்தை அவரே வந்து வாங்கிப் போவார். ஒரு வருசத்துக்குள் அந்த வீட்டு அம்மாவின் மோதிரம் காணாமல் போனது, என்னை அடித்துக் கேட்டார்கள், பிறகு கேட்டுக்கு வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டார்கள். ஊருக்குப் போக வேண்டியதுதானே என்பாய். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஊசிமலை என்றேன். நம் சனம் வைத்த பேர்தானே எனக்குத் தெரியும், துரைமார் வைத்த இங்கிலீசுப் பேர் ஒன்று இருப்பது எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? பொலிசுக்காரர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அப்படி ஒரு தோட்டமே இலங்கையில் இல்லை என்றார். இல்லாத ஊரிலிருந்து வந்தவளானேன்.

புறக்கோட்டை மரக்கறிச் சந்தையில் சாக்குகளுக்கு நடுவில் பத்து வருசம் கிடந்தேன். நுவரெலியாவிலிருந்து லீக்ஸ், கரட் ஏற்றிய லொறிகள் விடியற்காலையில் வந்து நிற்கும், கரட்டில் ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டி மோந்து பார்ப்பேன், நம் மண். ஒவ்வொரு டிரைவரிடமும் ஊசிமலைக்குப் போவீங்களா என்று கேட்பேன், சிரிப்பார்கள், சிலர் வா என்பார்கள், அந்த வா எதற்கு என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். தலையை பிளேடால் நானே வழித்துக்கொண்டு களுசான் போட்டுப் பையன் மாதிரித் திரிந்தேன். பெரிய பிள்ளையானபோது சீலைத்துணிக்கு வழியில்லை, சாக்கைக் கிழித்தேன், தொடை புண்ணானது. உன் தங்கச்சி பெரிய பிள்ளையாகித் தண்ணீர் ஊற்றிய அன்று நான் ஏன் அப்படி அழுதேன் என்று நீ கேட்டாயே, இதற்குத்தான். அழுகிய தக்காளி பொறுக்கினேன், அடி வாங்கினேன், அடிக்கவும் படித்தேன். லொறிப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே எழுத்தும் படித்தேன், இந்தக் கடிதம் அந்தப் படிப்புத்தான். இன்றைக்கும் எனக்குக் காலை நீட்டிப் படுத்தால் தூக்கம் வராது.

இதையெல்லாம் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். ஆனால் எனக்குப் பன்னிரண்டு வயதில் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் அந்த ஆளைக் கண்டேன். ஓடிப்போய் உடுத்தியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா, நான் பேச்சி, என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க என்று கத்தினேன். என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பொலிசுக்காரரிடம் சிங்களத்தில், இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது என்றார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். தோட்டத்துக்குப் போய் பேச்சி காய்ச்சலில் செத்துவிட்டாள், அங்கேயே அடக்கிவிட்டார்கள் என்றார். தானே முன்னின்று பதினாறாம் நாள் கருமாதியும் செய்தார், என் பழைய கவுனை முறத்தில் வைத்து எல்லாரும் அழுதார்களாம். செத்தவளை யார் தேடுவார்கள்? என் அம்மா இரண்டு வருசத்தில் அந்தத் துக்கத்திலேயே போய்விட்டாள்.

பத்தொன்பது வயதில், கருவாடு வாங்கப் புறக்கோட்டைக்கு வந்த நம் அக்கரப்பத்தனைக் கடை அலியார் நானாதான், நான் ஊசிமலை என்றதும், அட நம்ம ஊசிமலைப் புள்ளையா நீ என்று கேட்டு லொறியில் ஏற்றி வந்தார். அவரை அடக்கிய கபுருக்குப் போகும்போதெல்லாம் நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்பது அதனால்தான். லயத்து வரிசை வீடுகளில் என்னைக் கண்ட சனம் பேய் என்று கதவைச் சாத்தியது, என் அப்பாவும் சாத்தினார். கருமாதி முடிந்தவள் என்று இன்றுவரை பொங்கல் பானையில் முதல் அரிசி போட என்னை விடுவதில்லை. உன் அப்பா ஒருவர்தான், பேய்க்குப் பசிக்குமா, வா சாப்பிடு என்று கூப்பிட்டவர், அந்தப் பகிடிக்காகவே கட்டிக்கொண்டேன்.

பஸ் நிலையக் கதையை நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை, சித்தப்பாவும் அப்படி நடக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். போன மாதம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீதான்னு தெரிஞ்சுதான்டி போனேன், ஒன்னத் தெருவுல விட்டது தெரிஞ்சா ஒங்கப்பன் அருவாளோட வருவான்னு பயம், மன்னிச்சிரு தாயி என்றார். முப்பத்தேழு வருசம் கழித்து! மன்னிக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். பேரன் வரமாட்டான் சித்தப்பா, கொள்ளிக்குடம் நான்தான் எடுப்பேன், பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்பது உயிரோடு இருக்கிற பொம்பளைக்கு, நான்தான் செத்தவளாச்சே, நீங்க கருமாதி பண்ணினவ கையால மண்ணு வாங்கிக்கிட்டுப் போங்க என்றேன். செத்தவ கையால மண்ணு விழுந்தா கர சேரமாட்டேன்டி என்று என் காலைப் பிடித்தார். அவருடைய விரல்களை நானும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் எடுத்திருக்கிறார். கொள்ளிக்குடம் எனக்குத்தான் என்று தோட்டத் தலைவர் கந்தப்பனிடமும் சொல்லி வைத்துவிட்டேன், முதலில் முகம் சுளித்தார், பிறகு உன் உரிமை என்றார்.

ஆகவே லீவை நிறுத்து. தங்கச்சி கல்யாணத்துக்கு வா, அம்மாவைப் பார்க்க வா, அந்த ஆளின் சாவுக்கு வராதே. இந்தப் பாவத்தில் நீ பங்கு கேட்காதே, இது என்னுடையது. வெயிலில் தலையில் துணி கட்டு, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, ரூமில் கூட இருப்பவர்களோடு சண்டை வேண்டாம். நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என் ராசா.

ஒன்றை மறந்துவிடாதே. ஊருக்கு வருகிற பெடியனிடம் சத்துமா டின் இரண்டு கொடுத்துவிடு, சித்தப்பாவுக்குத்தான். மூன்று வேளையும் கஞ்சி நானே கொண்டுபோய் ஊட்டுகிறேன், பேச்சியம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று லயமே பேசுகிறது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறேன். என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கஞ்சி தொண்டையில் நிற்கிறது. அவர் சீக்கிரம் போய்விடக் கூடாது மகனே, நல்ல சத்துமாவாகப் பார்த்து அனுப்பு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
சு. பேச்சியம்மா