சூட்டுக்கு அசையாத தாளம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். அங்கே உங்கள் இருமல் குறைந்ததா? பாலத்து வேலையில் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறீர்கள் என்று நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. மகளுக்கு முன்பல் ஆடுகிறது. யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள். குளியலறைக் குழாயை நானே சரிசெய்துவிட்டேன். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடைசிச் சோதனையிலும் ஒன்றும் தேறவில்லை என்றால் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாதக் கடைசியில் மகளோடு உங்களிடம் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? அந்தச் சோதனை முடிந்தது. நடந்ததைக் கேளுங்கள். நடுவில் கொட்டாவி விடக்கூடாது.

கண்ணாடிப் பாத்திரத்தில் அமிலம். அதற்குள் ஒரு பிளாட்டினம் கம்பி. சீராக மின்சாரம் கொடுத்தால் கம்பியின் மேல் ஒரு கசடு படிந்து அடைக்கும். அடைக்க அடைக்க மின்னழுத்தம் ஏறும். ஏறியதும் கசடு எரிந்துபோகும், மின்னழுத்தம் சட்டென்று இறங்கும், மறுபடி கசடு படியும். யாரும் தொடாமல், யாரும் சொல்லாமல், மணிக்கணக்கில் திரையில் அலை அலையாக ஓடும். ஒருநாள் என்னோடு வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது மூச்சு விடுதும்மா" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

என் கேள்வி ஒன்றுதான். சூடாக்கினால் இந்த மூச்சு என்ன ஆகும்? சூடு ஏறினால் எந்த வினையும் வேகமெடுக்கும். வெயில் காலத்தில் பால் சீக்கிரம் திரிவதில்லையா, அப்படி. என் பாத்திரத்துக்கு இரட்டைச் சுவர், நடுவே பக்கத்துத் தொட்டியிலிருந்து வெந்நீர் ஓடும். தொட்டியில் நீரைச் சூடாக்கிக்கொண்டே போனேன். அலையின் வேகம் இம்மியும் மாறவில்லை! தலைகால் புரியாமல் ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது சில்லுன்னு இருக்கே?" என்றார்.

அமிலத்துக்குள் வாயு செலுத்தும் குழாய்க்குப் பாத்திரத்தின் மூடியில் இடம் போதவில்லை என்று தெர்மாமீட்டரைப் பிடுங்கித் தொட்டியில் வைத்திருந்தேன். தொட்டி கொதித்தது; பாத்திரத்துக்குப் போகும் குழாயின் திருகை நான் திறக்கவே இல்லை. என் முகத்தில் அசடு வழிந்தது. அவர் சிரித்திருந்தாலாவது தேவலை. இனி அலை வேகமெடுக்கும், அது ஊரறிந்த சங்கதி, பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே திருகைத் திறந்தேன்.

இந்தத் தடவை தெர்மாமீட்டர் அமிலத்துக்குள். பாத்திரம் வெதுவெதுப்பாகி, பிறகு கை வைக்க முடியாத சூடானது. அலையின் உயரம் குறைந்துகொண்டே வந்தது. ஆக, கம்பிக்குச் சூடு உறைத்திருக்கிறது. ஆனால் தாளம்? அதே தாளம்! ஐயோ, உங்களிடம் எப்படிச் சொல்வேன்! குளிரவைத்தோம், மறுபடி சூடாக்கினோம். கம்பியை மாற்றினோம், அமிலத்தை மாற்றினோம். அதேதான். படிவது, எரிவது, நமக்குத் தெரியாத இன்னும் எத்தனையோ, எல்லாமே சூட்டில் வேகமாகின்றன; சில தாளத்தை முன்னே தள்ள, சில பின்னே இழுத்துப் பிடிக்க, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன என்று பேராசிரியர் ஊகிக்கிறார். உயிரில்லாத ஒரு கம்பிக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? இரண்டு வார்த்தை சூடாகப் பேசினால் எனக்கே குரல் ஏறிவிடுகிறது, உங்களுக்குத் தெரியாதா! அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

இனி மற்ற அமிலங்களிலும், மற்ற உலோகங்களிலும் பார்க்க வேண்டும். இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.

"அப்பாகிட்ட எப்போ போவோம்?" என்று மகள் தினமும் கேட்கிறாள். எனக்கும் வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. கோபம் வந்தால் நன்றாகத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இங்கே ஆற்றின் குறுக்கே பாலத்துக்குத் தூண் எழுப்ப ஆரம்பித்திருக்கிறார்கள். பொறியாளர்கள் தேவை என்று பலகை வைத்திருக்கிறார்கள். சும்மா சொன்னேன்.

எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம். ஒன்றே ஒன்று எடுங்கள், உங்களுக்கு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி