சூசை மச்சானின் பிக்கப்பும் செம்மண் ஏற்றமும்

என் அக்காவைக் கட்டியவரே, என் பாசத்துக்கும் வசவுக்கும் சரிபாதி சொந்தக்காரரான சூசை மச்சானே,

இன்று கல்லறைத் திருநாள். எல்லாரும் உங்களுக்கு மெழுகுதிரி கொண்டுவந்தார்கள், நான் கோபத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். செத்தவரைத் திட்டக்கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது திட்டினேனே, காதில் வாங்கினீர்களா?

முதலில் ஊர்ச் செய்தி. போன பிறகு உங்களுக்கு இங்கே மவுசு கூடிவிட்டது. சூசை மாதிரி வண்டி ஓட்ட இந்த அந்தமானிலேயே ஆள் கிடையாது என்று நம் கடற்கரைக் குடிசைகளில் பேச்சு. மேட்டில் குடியேறியிருக்கும் வங்காளி ஹரிபதோகூட, "சூசை பாய் கா காடி பஹாட் பீ சட்தா தா" என்று கையை உயர்த்திக் காட்டுகிறார். மலையே ஏறுமாம் உங்கள் வண்டி! அது ஏறிய லட்சணம் எனக்குத் தெரியாதா?

மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கிய பழைய பிக்கப் அது. பின்சக்கரம் இரண்டுதான் தள்ளும், முன்சக்கரம் இரண்டும் திரும்புவதோடு சரி. போர்ட் பிளேரில் நான் ஓட்டுகிற கவர்மெண்டு ஜீப்புக்கு நாலு சக்கரமும் இழுக்கும். நம் குடிசைகளிலிருந்து மேட்டுக்குப் போகிற அந்தச் செம்மண் ஏற்றத்தில் மழைநாளில் எனக்கே முதல் கியரை மாற்றத் துணிச்சல் வராது. நீங்களோ மீன்பெட்டியை ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடியபடி கிளம்புவீர்கள்.

உங்களுக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. தோணியில் பின்பக்கம் கனம் இருந்தால் மூக்கு அலைமேல் ஏறும் அல்லவா? கடலில் பிறந்து வளர்ந்த ஆள், அந்தக் கணக்கை அப்படியே கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். சேற்றில் சக்கரம் சுழன்றதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எல்லாரும் பின்னால ஏறுங்கலே! சப் பீச்சே!" என்று ஒரு சத்தம். தமிழன், வங்காளி என்று பார்க்காமல் வழியில் நிற்கிற எல்லாரும் ஓடிவந்து, திறந்துவிட்ட பின்பலகையில் ஏறி நிற்பார்கள். மீன் கூடையோடு பெண்களும் ஏறுவார்கள். வண்டி மேலே போனதும் கைதட்டு வேறு.

எத்தனை முறை தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னேன்? கனம் வேண்டும்தான், ஆனால் அது சக்கரத்துக்கு மேலே இருக்க வேண்டும், சக்கரத்தைத் தாண்டி வாலில் தொங்கக்கூடாது. வாலில் தொங்கினால் மூக்கு தூக்கும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. பெட்டியையெல்லாம் கேபினை ஒட்டி அடுக்குங்கள், ஆட்களை நடக்கவிடுங்கள், டயரில் கயிறு சுற்றுங்கள், மழை கொட்டுகிற நாளில் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு மீனைத் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஏலே மாப்ள, ஒன் ஜீப்புக்கு நாலு காலும் இழுக்கும், ஒனக்கு மூளைதான் இழுக்க மாட்டேங்கு!" அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்தவன் பல்லையெல்லாம் தட்டலாம் போல வந்தது எனக்கு.

அன்றைக்கும் மழைதான். ஐஸ் கரைவதற்குள் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். வழக்கம்போல் பின்பலகை நிறைய ஆள், ஓரத்தில் என் அக்கா செல்வமேரி. பாதி ஏற்றத்தில் வண்டியின் மூக்கு பள்ளத்துப் பக்கம் திரும்பியதும், "குதிங்கலே!" என்று கத்தினீர்கள். ஓரத்தில் நின்ற அக்கா முதலில் குதித்தாள், மற்றவர்கள் அடுத்தடுத்துக் குதித்தார்கள். வண்டி உங்களோடு பள்ளத்தில் போனது.

அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டுச் செத்தான் என்கிறது ஊர். கத்தினீர்கள், மறுக்கவில்லை, அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் அவர்களை அங்கே ஏற்றிவிட்டது யார், மச்சான்?

அக்கா அழவே இல்லை. அடக்கத்தன்று அழவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. யாரோடும் பேச்சு கிடையாது, சாப்பாட்டை வைத்தால் வைத்தபடி இருக்கும். துக்கம் நெஞ்சை அடைத்துவிட்டது, போகப்போகச் சரியாகும் என்று நான்தான் மடையனாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உங்கள் பிக்கப்பை போர்ட் பிளேர் ஷாதிபூர்ப் பட்டறையில் கொடுத்துத் தட்டி நிமிர்த்தி, லீவு போட்டு நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். நம் ஜனங்களுக்கு மீன் ஏற்ற வேறு வண்டி ஏது? ஏற்றத்தின் அடியில் நிறுத்தியதுதான் தாமதம், பழக்கதோஷம், எல்லாரும் பின்பலகைக்கு ஓடினார்கள். முதலில் ஏறியது அக்கா.

"எறங்குக்கா" என்றேன்.

பக்கச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எறங்க மாட்டேம்லே. அன்னைக்கு நான்தான் மொதல்ல குதிச்சேன். என் கனம் போனதாலதான் வண்டி சறுக்குச்சு. அவியளக் கொன்னது நான்தான். இனிமே செத்தாலும் குதிக்க மாட்டேன்."

கேட்டீர்களா? உங்கள் சித்தாந்தம் என் அக்காவை என்ன பாடு படுத்தியிருக்கிறது, பார்த்தீர்களா? இத்தனை நாளும் அவள் இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள். அங்கே நின்றவர்களில் ஒருத்தர்கூட, "அப்படி இல்லை" என்று அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், அவர்களும் உங்கள் சிஷ்யப்பிள்ளைகள்தானே! தோணிக்காரர் அந்தோணிப் பெரியவர் அன்றும், "பாவம், பயத்துல குதிச்சிட்டா" என்றுதான் உச்சுக்கொட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வண்டியை அவர்களோடேயே ஏற்றம் தொடங்குகிற இடம்வரை மெல்ல நகர்த்தி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். நகர்த்துவதற்கு முன்பே, முன்டயர் வந்து நிற்கும் இடத்தில் ஒரு தென்னோலையைப் போட்டிருந்தேன். மற்றவர்களை வாலில் நிற்கச் சொல்லிவிட்டு, "நீ மட்டும் வந்து பாருக்கா, பொறவு வேணும்னா ஏறிக்கோ" என்று அவளை முன்னால் கூட்டிவந்தேன்.

அந்தோணிப் பெரியவர் குறுக்கே வந்தார். "செத்தவனக் கேவலப்படுத்தாதலே."

"உயிரோட நிக்கிறவள யாரு பாக்கது பெரியப்பா?" என்றேன். அவர் நகர்ந்துகொண்டார்.

வாலில் அத்தனை பேர் நின்றதால் முன்டயர் ஓலைமேல் பட்டுக்கொண்டிருந்ததே தவிர அழுத்தவில்லை. அக்காவையே ஓலையை இழுக்கச் சொன்னேன். ஒற்றைக் கையால் இழுத்தாள், உருவிக்கொண்டு வந்தது. எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்ப ஓலையை வைத்து இழுக்கச் சொன்னேன். இரண்டு கையால் இழுத்தும் நுனிதான் கிழிந்தது.

பிறகு பெட்டிகளை முன்னால் தள்ளி அடுக்கி, டயரில் கயிறு சுற்றி, ஒரு ஆளையும் ஏற்றாமல் எடுத்தேன். முதல் தடவை பாதியில் சக்கரம் சுழன்றதால் பின்வாங்கினேன். மண்ணில் கிளைகளை வெட்டிப் போட்டு மறுபடி எடுத்தபோது, வால் ஆடினாலும் மூக்கு நான் சொன்ன பக்கம் போனது. அக்கா சேற்றில் வழுக்கிக்கொண்டே பக்கத்தில் நடந்துவந்தாள்.

மேட்டில் வந்து மூச்சு வாங்க நின்றாள். "அப்பம் அன்னைக்கு நான் குதிக்காம நின்னிருந்தா?"

"மூக்கு இன்னும் தூக்கியிருக்கும். நீயும் பள்ளத்துல கெடந்திருப்ப."

"அப்பம் தப்பு யாருதுலே?"

"மச்சான் தப்புதாங்க்கா."

நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். தப்பு செய்துவிட்டேனோ என்று எனக்குப் பயம். உங்கள் நல்ல பெயர் என்று அவளுக்கு இருந்த ஒரே பிடிமானத்தையும் பிடுங்கிவிட்டேனோ?

இன்று காலையில் தானாகவே கிளம்பி உங்கள் கல்லறைக்கு வந்தாள். மெழுகுதிரியை ஏற்றினாள். முழந்தாளிட்டு ஜெபம் சொல்வாள் என்று எல்லாரும் காத்திருக்க, சிலுவையைப் பார்த்து வாயைத் திறந்தாள் பாருங்கள். "பாவி மனுசா! தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னானே, கேட்டியளா? ஒம்ம வீம்புக்கு நான் கொலகாரியா?" மண்ணை அள்ளி உங்கள் மேலேயே வீசினாள். பிறகு அப்படியே குப்புற விழுந்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓலமிட்டு அழுதாள். தடுக்க வந்தவர்களை நான் கிட்டே விடவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், மச்சான்.

எனக்கு உங்கள் மேல் கோபம் தீரவில்லை, தீருமா என்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அவளுக்கு உங்களைத் திட்ட வேண்டும் என்று எப்போது தோன்றினாலும், நானே கூட்டிவந்து விடுவேன். வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செல்வமேரியின் தம்பியும் உங்கள் மாப்பிள்ளையுமான
தோமாஸ்