வளர்மதியின் மோதிர விரல்

என் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடியதிலிருந்து உன் மகள் வளர்மதி என்னோடு நகரியில்தான் இருக்கிறாள். ஸ்ரீ சிட்டியில் செல்போன் கம்பெனியில் திருகாணி பூட்டுகிற வேலை. அவளைப் பற்றி ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அவள் வலது மோதிர விரல் நுனியில் பட்டாணி அளவு கட்டி வந்தது. வலியில்லை. சித்தூரில் ஒரு டாக்டர் நீர்க்கட்டி என்று எடுத்துவிட்டார். வருடம் திரும்புவதற்குள் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. திருப்பதிக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டரம்மா கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இன்னொரு லேபிலும் காட்டி உறுதி செய்தார்.

வியர்வைச் சுரப்பியில் வரும் புற்றுநோயாம். விரலில் வியர்க்கிற இடத்தில்கூடவா வரும் அக்கா? மிக அரிது என்றார். கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும், நுரையீரலுக்கும் பரவலாம், அதனால் நடுக்கணு வரை விரலையே எடுக்க வேண்டும் என்றார்.

"வேலூர்ல இன்னொருத்தர பாத்துட்டு வரலாம்மா" என்றேன்.

"இன்னும் எதுக்கு மாமா அலையணும்? விரல எடுத்துக்கட்டும். என்ன விட்டா போதும்."

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு எடத்துல குந்து மாமா. நீ நடந்துகினே இருந்தா எனக்குப் பயமா கீது." உட்கார்ந்தேன். கதவு மூடியதும் எழுந்துவிட்டேன்.

அக்குளிலிருந்தும் ஒரு நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்த்தார்கள். அதில் நோய் இல்லை. வெட்டிய ஓரமும் சுத்தம். நுரையீரலும் சுத்தம். நான் அழுதேன். அவளோ எப்போது வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காயம் ஆறி வேலைக்குப் போனவளை வேறு இடத்துக்கு மாற்றப் பார்த்தாராம் சூப்பர்வைசர். "கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இருக்குது சார், திருகாணி எடுக்க அது போதும்" என்று பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. இன்னும் பல வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அவள் ஒருமுறை இருமினாலும் சோற்றில் கை நின்றுவிடுகிறது. "பனி மாமா, துன்னு" என்கிறாள். பனிதானா அக்கா?

அடுத்த வாரம் மறுபடி ஸ்கேன். ரிப்போர்ட்டை நான் முன்னாடியே போய் வாங்கிப் பார்க்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "என் உடம்பு மாமா. மொதல்ல நான்தான் படிப்பேன்."

சரி என்றிருக்கிறேன். உனக்கும் வாக்குத் தருகிறேன்: அவள் படித்துவிட்டு நிமிரும்போது, முதலில் தெரிகிற முகம் என்னுடையதாக இருக்கும்.

உன் தம்பி,
உன் பெண்ணுக்குத் தாய்மாமன்,
குமரேசன்